பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும் ஓட்டு: மெக்சிகோவில் தேர்தல் போட்டியாக மாறிய விதம்

1976-ல் மெக்சிகோவில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே ஒரு வேட்பாளர் பெயர்: ஆளுங்கட்சியான பி.ஆர்.ஐ.யின் ஹோசே லோபெஸ் போர்த்தியோ. எதிர்க்கட்சியான பான், உட்கட்சிச் சண்டையில் யாரையும் நிறுத்தவில்லை. கம்யூனிஸ்ட் கட்சிக்குப் பதிவே கிடையாது. அதன் வேட்பாளர் வலெந்தீன் காம்பாவின் பெயரைச் சீட்டில் கையால் எழுதிப் போட்டவர்கள் உண்டு, அந்த ஓட்டுகள் கணக்கில் ஏறவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 2000 ஜூலை 2 இரவு, அதே நாட்டில் ஆளுங்கட்சி தோற்றது. பதவியிலிருந்த தலைவரே தொலைக்காட்சியில் வந்து எதிர்க்கட்சி வேட்பாளரை வாழ்த்தினார். நடுவில் புரட்சியோ ராணுவக் கலகமோ வந்து ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. அரசியல் சாசனமும் 1917-ல் எழுதிய அதே சாசனம்தான். திருத்தம்மேல் திருத்தமாகப் போட்டார்கள்.

ஜனநாயகத்துக்கு மாறும் நாடுகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரு பெரிய நாளைச் சொல்வோம்: சுவர் இடிந்த நாள், சர்வாதிகாரி ஓடிய நாள். மெக்சிகோவில் அப்படி ஒரு நாளே இல்லை. அங்கே ஒவ்வொரு திருட்டுக்கும் ஒரு பூட்டு செய்தார்கள். எந்தப் பூட்டு எந்தத் திருட்டுக்குப் பிறகு வந்தது, அதைச் செய்ய ஆளுங்கட்சி ஏன் சம்மதித்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பி.ஆர்.ஐ. கட்சி 1929-ல் வேறு பெயரில் பிறந்தது. 1946 முதல் இந்தப் பெயர். ஆறு ஆண்டுக்கு ஒரு தேர்தல், ஒருமுறைகூடத் தவறியதில்லை. பதவிக்காலம் முடிந்த குடியரசுத் தலைவர் மறுபடி நிற்க முடியாது, இதுவும் கறாராக நடந்தது. ஆனால் அடுத்தவர் யார் என்பதை இருக்கிற தலைவர் விரல் நீட்டிச் சொல்வார்; 'தெதாசோ' என்று அந்த வழக்கத்துக்குப் பெயரே இருந்தது. தேர்தல் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறை அமைச்சர். நாடாளுமன்றத் தேர்தல் செல்லுமா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அந்தத் தேர்தலில் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட உறுப்பினர்களே. ஆட்டக்காரரே நடுவர், அவரே மேல்முறையீட்டு நீதிபதி.

1976-ல் எதிரியே இல்லாமல் ஜெயித்தது கட்சிக்கே சங்கடமானது. 1968-ல் அரசுப் படை மாணவர்களைச் சுட்டுக்கொன்ற பிறகு ஒரு பகுதி இளைஞர்கள் கொரில்லாக் குழுக்களில் சேர்ந்திருந்தார்கள். சட்ட வழியில் தோற்க ஓர் இடமாவது இருந்தால்தான் எதிராளி சட்டத்துக்குள் இருப்பான் என்பதை அன்றைய உள்துறை அமைச்சர் ஹெசூஸ் ரேயெஸ் எரோலெஸ் புரிந்துகொண்டார். 1977 சீர்திருத்தத்தில் கீழவை 400 இடமானது: 300 தொகுதி வழியாக, 100 விகிதாச்சாரப்படி, அந்த நூறும் சிறு கட்சிகளுக்கு. 1.5 சதவீத ஓட்டு வாங்கினால் பதிவு நிலைக்கும். 1979-ல் கம்யூனிஸ்டுகள் சட்டப்படி தேர்தலில் நின்றார்கள். பெரும்பான்மைக்கு ஆபத்தில்லாமல் கதவைக் கொஞ்சம் திறப்பதுதான் கணக்கு. ஆனால் உள்ளே போன சிறு கட்சிக்குச் சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்கள் கிடைத்தார்கள், மேடை கிடைத்தது, முறைகேட்டைப் பதிவு செய்யும் பழக்கமும் வந்தது. தொகுதியில் ஜெயிக்கவே முடியாத கட்சிக்கு விகிதாச்சார இடம் என்பது அடுத்த தேர்தல்வரை உயிர் பிழைத்திருக்க ஒரு வழி. போட்டி முளைக்க இதுதான் முதல் நாற்றங்கால் என்பது என் கருத்து.

திருட்டு அப்படியேதான் இருந்தது. அந்த நாட்களின் மோசடிகளுக்கு மெக்சிகோ மக்கள் வைத்த பெயர்களைப் பார்த்தாலே முறை தெரிந்துவிடும். காலையில் பதிவு தொடங்குமுன்பே சீட்டு நிரம்பியிருக்கும் பெட்டி 'கர்ப்பிணிப் பெட்டி'. பல சீட்டுகளைச் சேர்த்து மடித்து ஒரே தள்ளில் உள்ளே போட்டால் அது 'டாக்கோ', அவர்கள் ஊர் மடித்த சோள ரொட்டி. ஒரே கும்பல் வண்டியேறிச் சாவடி சாவடியாகக் கள்ள ஓட்டுப் போடுவது 'ராட்டினம்'. எதிர்க்கட்சிக்கு ஓட்டு விழும் பகுதியில், "உங்கள் பெயர் இங்கே இல்லை, அடுத்த சாவடியில் பாருங்கள்" என்று நாள்முழுக்க அலையவிடுவது 'பைத்தியக்கார எலி'. காலையில் தமால் என்ற பலகாரம் கொடுத்து மொத்தமாகக் கூட்டிப்போவது 'தமால் வேலை'. இதையெல்லாம் செய்து முடிப்பவனுக்கு 'மாப்பாச்சே', அதாவது இரவில் திருடித் தின்னும் ரக்கூன்.

கவனித்தால் ஒவ்வொன்றும் ஓர் ஓட்டையைக் காட்டும். எலி ஓடுவது வாக்காளர் பட்டியலில். ராட்டினம் சுற்றுவது ஆள் அடையாளம் இல்லாததால். கர்ப்பிணிப் பெட்டியும் டாக்கோவும் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே தரப்பாக இருப்பதால். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு: சாவடியில் எண்ணியது ஒன்று, தலைநகரில் அறிவிப்பது வேறொன்று.

1988 ஜூலை 6-ல் நடந்தது அதுதான். பி.ஆர்.ஐ.யிலிருந்து வெளியேறிய குவாட்டேமோக் கார்தெனாஸ், இடதுசாரிக் கூட்டணியின் சார்பில் ஆளுங்கட்சியின் கார்லோஸ் சாலினாஸை எதிர்த்து நின்றார். இரவில் முடிவுகள் வரத் தொடங்கியதும் உள்துறை அமைச்சகத்தின் கணினி 'விழுந்துவிட்டது' என்றார்கள். அந்தச் சொல் இன்றும் மெக்சிகோவில் மோசடிக்கு மறுபெயர். நாடு முழுக்கச் சுமார் 55 ஆயிரம் சாவடிகள். கட்சிகளின் கைக்குச் சேர்ந்த முடிவுத்தாள்கள் ஏறக்குறைய 30 ஆயிரம் சாவடிகளுக்கு மட்டுமே. மிச்சச் சாவடிகளில் என்ன நடந்ததென்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. அதிகாரபூர்வக் கணக்கில் சாலினாஸுக்கு 50 சதவீதத்துக்குச் சற்று மேல், கார்தெனாஸுக்குச் சுமார் 31. வாக்குச்சீட்டுகளைப் பின்னால் எரித்தும்விட்டார்கள்.

திருடி ஜெயித்த கட்சி பிறகு ஏன் பூட்டு செய்யச் சம்மதித்தது? விடை ஒரு கூட்டல் கழித்தலில் இருக்கிறது. அதே தேர்தலில், அதற்குள் 500 ஆகியிருந்த கீழவை இடங்களில் பி.ஆர்.ஐ.க்கு 260-தான் வந்தது. வங்கிகளைத் தனியாருக்குக் கொடுக்க, கிராமப் பொதுநிலச் சட்டத்தை மாற்ற, சாலினாஸுக்குச் சாசனத் திருத்தம் வேண்டியிருந்தது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, 334 ஓட்டு. பற்றாமல் போன ஓட்டுகள் பான் கட்சியிடம் இருந்தன. பான் கேட்ட விலை தேர்தல் சட்டம். ஜனநாயகப் பற்றால் வந்த சீர்திருத்தம் என்று இதைச் சொல்ல மாட்டேன். பேரத்தில் வந்தது, அதனால்தான் நிலைத்தது என்றும் நினைக்கிறேன். பேரத்தில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கினால் அடுத்த பேரம் படியாது. 1989-ல் பாஹா கலிபோர்னியா மாநிலத்தில் பானின் எர்னெஸ்டோ ரூஃபோ ஆளுநராக ஜெயித்ததை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. பி.ஆர்.ஐ. பிறந்ததிலிருந்து எதிர்க்கட்சிக்கு ஓர் ஆளுநர் கிடைத்தது அதுவே முதல் தடவை.

1990-ல் புதிய தேர்தல் சட்டமும், இஃபே என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கூட்டாட்சித் தேர்தல் நிறுவனமும் வந்தன. தலைவர் அப்போதும் உள்துறை அமைச்சர்தான். அதைப் பார்த்து அன்று பலர் இது வெறும் கண்துடைப்பு என்றார்கள். ஆனால் அடித்தட்டில் வேலை தொடங்கிவிட்டது.

முதல் வேலை பட்டியல். பழையதைத் திருத்தாமல், தூக்கிப் போட்டுவிட்டு வீடு வீடாகப் போய்ப் புதிதாக எழுதினார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பதிவுக்கு விண்ணப்பித்த எல்லோரும் இருக்கும் பொதுப் பதிவேடு வேறு; வாக்காளர் அட்டையை நேரில் வந்து வாங்கியவர்கள் மட்டும் இருக்கும் வாக்காளர் பட்டியல் வேறு. சாவடிக்குப் போவது இரண்டாவது. யாரும் வாங்க வராத அட்டையை அழித்து, பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். கற்பனை வாக்காளர் பதிவேட்டில் ஏறலாம், புகைப்படமும் கைரேகையும் கொடுத்து அட்டை வாங்க வரமுடியாது. 1992 முதல் வந்த இந்தப் புகைப்பட அட்டை ராட்டினத்தின் அச்சை முறித்தது.

பட்டியல் சரியா என்று பார்க்க இருவழித் தணிக்கை. பட்டியலில் சில பெயர்களைக் குலுக்கி எடுத்து அந்த முகவரிக்குப் போய் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது ஒரு வழி. பொய்ப் பெயர்கள் மாட்டும். சில வீடுகளைக் குலுக்கி எடுத்து அங்கே வயது வந்தவர்கள் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்ப்பது மறுவழி. நீக்கப்பட்டவர்கள், விடுபட்டவர்கள் தெரிவார்கள். முதல் வழியை மட்டும் செய்துவிட்டுப் 'பட்டியல் சுத்தம்' என்று அறிவித்தால் எலி தப்பிவிடும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய பூட்டு அட்டை கிடையாது, குலுக்கல். 1990-களில் படிப்படியாக முறைப்படுத்தி, 2000 தேர்தலில் நடைமுறையில் இருந்தது இப்படி: தேர்தல் ஆண்டின் ஜனவரியில் ஒரு மாதத்தைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த மாதத்திலும் அடுத்த மாதத்திலும் பிறந்தவர்களை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு வாக்காளர் பிரிவிலும் 10 சதவீதம்பேரை, எப்படியும் 50 பேருக்குக் குறையாமல், கணினி தேர்ந்தெடுக்கும். வீட்டுக்குப் போய் அழைப்புக் கொடுத்துப் பயிற்சி தருவார்கள். மார்ச்சில் அகரவரிசையில் ஓர் எழுத்தைக் குலுக்குவார்கள். பயிற்சி பெற்றவர்களில் குடும்பப்பெயர் அந்த எழுத்தில் தொடங்குபவர்களிடமிருந்து ஆரம்பித்து இறுதிப் பெயர்கள் முடிவாகும். ஒரு சாவடிக்குத் தலைவர், செயலாளர், எண்ணுபவர்கள் 2, மாற்று ஆட்கள் 3. ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 750 வாக்காளர். 2000-ல் ஒரு லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். ஏழேழு பேர் என்று போட்டால் எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில். இத்தனை பேரையும் யாராலும் விலைக்கு வாங்க முடியாது. யார் வரப்போகிறார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால் யாரிடம் பேரம் பேசுவது என்பதே தெரியாது. எல்லோரும் அதே தெருக்காரர்கள் என்பதால், செத்துப்போனவர் பெயரில் வருபவனை அட்டையைப் பார்க்காமலே கண்டுபிடிப்பார்கள்.

இதிலும் கோளாறு வரும். காலை 8 மணிக்கு ஆள் வரவில்லை என்றால் 8:15-க்கு மாற்று ஆளைப் போடலாம். அவரும் இல்லையென்றால் வரிசையில் நிற்பவரைக் கூப்பிடலாம். ஆனால் அவர் அந்தப் பிரிவின் வாக்காளராக இருக்க வேண்டும், எந்தக் கட்சியின் பூத் ஏஜென்ட்டாகவும் இருக்கக் கூடாது. அவசரத்தில் அட்டையைச் சரிபார்க்காமல் பக்கத்துப் பிரிவுக்காரரை உட்காரவைத்துவிடுவார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனாலும் அந்தச் சாவடி முடிவையே நீதிமன்றம் ரத்து செய்துவிடும்.

ஓட்டுப் போட வருபவரின் அட்டையில் அந்தத் தேர்தலுக்கான குறியைக் கருவியால் பதிப்பார்கள். வலது கை கட்டைவிரலில் அழியாத மை. 1994-ல் முதலில் பயன்படுத்திய இந்த மையை உருவாக்கியது அவர்களுடைய தேசியப் பாலிடெக்னிக் நிறுவனம். வாக்குச்சீட்டில் எண் இருக்காது, கிழித்த பிறகு கட்டில் தங்கும் அடிக்கட்டையில்தான் எண். சீட்டிலேயே எண் இருந்தால் யார் யாருக்குப் போட்டார் என்று தேடிப் பிடித்துவிடலாம்.

மாலை 6 மணிக்குப் பதிவு முடிந்ததும் எந்த வரிசையில் எண்ண வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதலில் செயலாளர் பயன்படுத்தாத சீட்டுகளை எண்ணி, மையால் இரண்டு குறுக்குக்கோடு போட்டு உறையில் மூடுவார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது: எண்ணிக்கை நடக்கும்போது மேசைமேல் ஒரு வெற்றுச் சீட்டுகூட இருக்கக் கூடாது. அடுத்து, முதல் எண்ணுபவர் பட்டியலில் 'வாக்களித்தார்' முத்திரை விழுந்த பெயர்களைக் கூட்டுவார். அதற்குப் பிறகுதான் தலைவர் பெட்டியைத் திறந்து எல்லாச் சீட்டையும் எடுத்து, பெட்டி காலி என்று கவிழ்த்துக் காட்டுவார். இரண்டாமவர் சீட்டுகளை எண்ணுவார். இப்போது மூன்று எண்கள் கையில்: வந்த சீட்டில் மீதம் போக எத்தனை, பட்டியலில் முத்திரை எத்தனை, பெட்டியிலிருந்து வந்தது எத்தனை. மூன்றும் ஒத்துப்போனால் டாக்கோவுக்கும் கர்ப்பிணிப் பெட்டிக்கும் இடமில்லை. அதன்பிறகே கட்சிவாரியாகப் பிரிப்பார்கள்.

ஒன்றிரண்டு வித்தியாசம் வருவது சகஜம். கட்சி ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்தச் சாவடி இல்லாமல் பணியிலிருக்கும் சாவடியிலேயே வாக்களிக்கலாம். அவர்களைக் கூட்ட மறந்திருப்பார்கள். யாராவது சீட்டை வாங்கிப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுபோயிருப்பார்கள். இரண்டாவதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டு வாங்கும் தரகன் வெளியே வந்த அந்த ஒரு வெற்றுச் சீட்டில் தானே குத்தி அடுத்தவரிடம் கொடுப்பான். அவர் அதைப் போட்டுவிட்டுத் தனக்குக் கொடுத்த வெற்றுச் சீட்டைக் கொண்டுவந்து காசு வாங்கிப்போவார். சங்கிலி முழுக்க ஓடினாலும் கணக்கில் குறைவது ஒரே ஒரு சீட்டுதான். சீட்டு வாங்கியவர் பெட்டிவரை போகிறாரா என்று பார்க்கும் ஒரு கண்தான் இதற்கு மருந்து.

முடிவுத்தாளில் எல்லோரும் கையெழுத்திட்டு, ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். சாவடி வாசலில் பெரிய தாளில் முடிவை எழுதி ஒட்ட வேண்டும். 1988-க்கான நேரடிப் பதில் இதுதான். கணினி விழட்டும், ஏறட்டும். நகல்களைக் கூட்டினால் எந்தக் கட்சியும் தானே முடிவைக் கண்டுபிடித்துவிடும். சீட்டுக்கட்டுகளின் உறைக்கு வெளியே இன்னொரு நகல் ஒட்டியிருக்கும். அன்றிரவே சாவடி வாரியாகத் தற்காலிக முடிவை வெளியிட அது உதவும். சட்டப்படியான கூட்டல் அடுத்த புதன்கிழமை மாவட்டக் குழுவில் நடக்கும். தாள்கள் முரண்பட்டால் கட்டைப் பிரித்து மறுபடி எண்ணுவார்கள். ஆனால் எத்தனை நகல் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத கட்சிக்குப் பயனில்லை. 1977-ல் கிடைத்த விகிதாச்சார இடங்களும், பின்னால் ஜெயித்த நகராட்சிகளும் ஆளுநர் பதவிகளும் இங்கேதான் கைகொடுத்தன. ஏஜென்ட் அனுப்பும் அளவுக்குக் கட்சிகள் வளர்ந்திருந்தன.

1994-ல் ஜனவரி 1 அன்று தெற்கு மாநிலமான சியாபாஸில் சப்பாத்தீஸ்தா என்ற ஆயுதக் குழுவின் எழுச்சி, மார்ச் 23-ல் பி.ஆர்.ஐ. வேட்பாளர் கோலோசியோ படுகொலை. பயத்தில் கட்சிகள் அவசரமாக உட்கார்ந்து பேசின. இஃபேயின் பொதுக்குழுவில் கட்சிகளுக்கு ஓட்டு போய், குடிமக்கள் கவுன்சிலர்கள் 6 பேர் வந்தார்கள். கோலோசியோவுக்குப் பதிலாக நின்ற எர்னெஸ்டோ செடியோ ஜெயித்தார், 77 சதவீதம்பேர் வாக்களித்தார்கள். ஓட்டு எண்ணியதில் பெரிய குறை இல்லை. குறை வேறிடத்தில்: பணமும் தொலைக்காட்சியும் ஆளுங்கட்சி பக்கம் குவிந்திருந்தன. போட்டி சமமாக இல்லை என்று செடியோவே பின்னால் ஒப்புக்கொண்டார்.

அதனால் 1996 சீர்திருத்தம் பணத்தைத் தொட்டது. பொதுப்பணம் தனியார் நன்கொடையைவிட அதிகமாக இருக்க வேண்டும்; அதில் 30 சதவீதம் எல்லாக் கட்சிக்கும் சமமாக, 70 சதவீதம் ஓட்டுப் பங்குப்படி. பெயர் சொல்லாத நன்கொடைக்குத் தடை. எந்தக் கட்சிக்கும் 300 இடத்துக்கு மேல் கிடையாது. உள்துறை அமைச்சர் இஃபேயிலிருந்து வெளியேறினார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் கீழவை தேர்ந்தெடுத்த தலைவரும் 8 கவுன்சிலர்களும் வந்தார்கள். தலைவர் ஹோசே வோல்டென்பர்க். தேர்தல் தீர்ப்பாயம் நீதித்துறைக்குள் போனது. அடுத்த ஆண்டே பி.ஆர்.ஐ. கீழவையில் 239 இடத்துக்கு இறங்கிப் பெரும்பான்மை இழந்தது. மெக்சிகோ நகரின் தலைமைப் பதவி கார்தெனாஸுக்குப் போனது. 2000-ல் பானின் விசெந்தே ஃபாக்ஸ் 42.5 சதவீதம், பி.ஆர்.ஐ.யின் லபஸ்தீதா 36.1. பணத்தின் பூட்டு மட்டும் அப்போதும் இறுகவில்லை. எண்ணெய்த் தொழிற்சங்கத்தின் வழியாக பி.ஆர்.ஐ. பிரசாரத்துக்குப் போன பணத்துக்காக இஃபே 2003-ல் போட்ட அபராதம் 100 கோடி பெசோ. அபராதம் வந்தபோது தேர்தல் முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. பணத்தைக் கண்காணிப்பதில் இதுதான் தீராத சிக்கல்: ஓட்டு அன்றிரவே எண்ணப்படுகிறது, பணம் பல வருடம் கழித்து எண்ணப்படுகிறது.

இஃபேயின் அடுத்த கவுன்சிலர்களை 2003-ல் தேர்ந்தெடுத்தபோது கார்தெனாஸ் தொடங்கிய இடதுசாரிக் கட்சியான பி.ஆர்.டி.யை வெளியே விட்டுவிட்டுப் பெரும்பான்மை சேர்த்தார்கள். சட்டப்படி சரி, ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2006-ல் அந்தக் கட்சியின் வேட்பாளர் லோபெஸ் ஒப்ராதோர் 0.58 சதவீத வித்தியாசத்தில் தோற்றார். சாவடி, குலுக்கல், நகல் எல்லாம் 2000-ல் இருந்தபடியேதான் இருந்தன. ஆனால் நடுவரைத் தேர்ந்தெடுத்ததில் அவர் தரப்புக்குப் பங்கில்லை. முடிவை ஏற்க மறுத்துத் தலைநகரின் பெருஞ்சாலையில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். எல்லா ஓட்டையும் மறுபடி எண்ணக் கேட்டார்கள். தீர்ப்பாயம் 11,839 சாவடிகளுக்கு மட்டும் அனுமதித்தது.

அந்தச் சண்டையிலிருந்தும் ஒரு பூட்டு பிறந்தது. 2008 சட்டப்படி ஒரு மாவட்டத்தில் முதல் இருவருக்கும் இடையில் 1 சதவீதப் புள்ளியோ அதற்குக் குறைவோ வித்தியாசம் இருந்து, இரண்டாமவர் கேட்டால் அங்கே எல்லாச் சாவடியையும் மறுபடி எண்ண வேண்டும். ஒரு சாவடியில் செல்லாத ஓட்டு முதல் இருவரின் வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தாலும், எல்லா ஓட்டும் ஒரே கட்சிக்கு விழுந்திருந்தாலும், கட்டைப் பிரிக்க வேண்டும். 2012 குடியரசுத் தலைவர் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட சாவடிகளின் கட்டுகள் இப்படிப் பிரிக்கப்பட்டு, அடுத்த வாரமே கட்சி ஏஜென்ட்டுகள் முன்னிலையில் மறுபடி எண்ணப்பட்டன.